பெஞ்சே வேண்டாம் என்ற டாக்டர்... அடையாறில் முடக்கப்பட்ட 'எதிரி நாட்டவர்'! யார் இந்த மரியா மாண்டிசோரி?

வகுப்பறையில் பெஞ்சை எப்படிப் போடுவது? வரிசையாகவா, 'ப' வடிவிலா? 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படம் கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பறையைக் காட்டப்போக, 2025-ல் கேரளாவில் தொடங்கிய இந்தப் பேச்சு தமிழ்நாடு வரை வந்து பெரிய விவாதமே ஆனது. பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்றார்கள் சிலர். எல்லா பிள்ளையும் வாத்தியார் கண்ணில் படும் என்றார்கள் வேறு சிலர்.

இரண்டு தரப்புமே பெஞ்ச் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசின. ஆனால், சின்னப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பெஞ்ச் எதற்கு என்றே 1907-ல் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் ஆசிரியராகப் படித்தவர் இல்லை, டாக்டர். பெயர் மரியா மாண்டிசோரி.

ஊருக்கு நாலு பள்ளிக்கூட போர்டில் பார்க்கிற அதே பெயர்தான். அது ஒரு மனுஷியின் பெயர் என்பதும், அவர் நம்ம சென்னையிலும் கொடைக்கானலிலும் வருஷக்கணக்கில் வாழ்ந்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இன்ஜினீயரிங்?

1870 ஆகஸ்ட் 31. இத்தாலியின் அன்கோனா பக்கம் உள்ள கியாரவல்லே என்ற சின்ன ஊரில் பிறந்தார் மரியா. ஒரே பிள்ளை. அப்பா அலெசாண்ட்ரோ, அரசு ஊழியர், பழைய காலத்து மனிதர். அம்மா ரெனில்டே நிறைய வாசிப்பவர், மகள் எதைக் கேட்டாலும் கூட நின்றவர். மரியாவுக்கு ஐந்து வயது ஆகும்போது குடும்பம் ரோம் நகருக்கு வந்துவிட்டது.

படித்த பெண் என்றால் டீச்சர் ஆகலாம், அவ்வளவுதான் என்ற காலம் அது. மரியா சேர்ந்ததோ பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில். இன்ஜினீயர் ஆகணும் என்பது முதல் ஆசை. பிறகு மனசு மாறி, மருத்துவம்தான் என்று நின்றார். அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ரோம் பல்கலைக்கழகத்திலும் எளிதாக இடம் கிடைக்கவில்லை. இயற்கை அறிவியல் படித்து முடித்து, அதன் வழியாகத்தான் மருத்துவத்துக்குள் போனார்.

உள்ளே போனால் இன்னொரு சிக்கல். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பதா? கூடாது என்றார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்த அறையில் சடலங்களோடு தனியாக உட்கார்ந்து படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இத்தாலியின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்பே சில பெண்கள் பட்டம் வாங்கியிருந்தார்கள். ஆனால், அந்தச் சிலரில் ஒருவராக இருப்பதே அன்றைக்குப் பெரிய விஷயம்தான்.

ரொட்டித் துணுக்கைப் பொறுக்கிய பிள்ளைகள்

படிப்பு முடிந்ததும் ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் வேலை. அதன் பகுதியாக நகரத்தில் இருந்த மனநலக் காப்பகங்களுக்குப் போய்வந்தார். அங்கே பெரியவர்களோடு சேர்த்து அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள்.

அதில் ஒரு அறையைப் பற்றி அவர் வாழ்க்கைக் கதைகளில் தவறாமல் சொல்வார்கள். நாலு சுவர், உள்ளே குழந்தைகள், அவ்வளவுதான். விளையாட, தொட, பார்க்க ஒன்றுமே கிடையாது. சாப்பாடு முடிந்ததும் கீழே விழுந்து கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குவார்களாம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி என்று முகம் சுளித்தார் அங்கிருந்த பணிப்பெண். மரியாவுக்கு அது வயிற்றுப் பசியாகத் தெரியவில்லை. கையில் பிடித்துப் பார்க்க அந்த அறையில் இருந்த ஒரே பொருள் அந்த ரொட்டித் துணுக்குதான் என்பது அவருக்குப் புரிந்தது.

இனி அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது. குழந்தைக்குக் கோளாறு என்று முத்திரை குத்தும் முன், குழந்தை இருக்கிற அறையைப் பார்.

பிரான்ஸில் இதார், செகாங் என்ற இரண்டு டாக்டர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்க எடுத்த முயற்சிகளைத் தேடிப்பிடித்துப் படித்தார். 1900-ல் ரோமில் இதற்கென்றே தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் இணை இயக்குநர் ஆனார். அவரிடம் படித்த சில பிள்ளைகள், மற்றப் பிள்ளைகள் எழுதுகிற அரசுத் தேர்வையே எழுதிப் பாஸ் ஆனார்கள். ஊரே ஆச்சரியப்பட்டது. மரியாவின் கவலையோ வேறு பக்கம் போனது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடிகிறது என்றால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகள் என்ன பாடுபடுத்தி இப்படிக் கீழேயே நிறுத்தி வைத்திருக்கின்றன?

வெளியே சொல்லாத மகன்

இதே காலத்தில் அவர் சொந்த வாழ்க்கையில் ஒன்று நடந்தது. உடன் வேலை பார்த்த டாக்டர் ஜுசெப்பே மொன்டேசானோவும் அவரும் காதலித்தார்கள். 1898 மார்ச் 31-ல் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ. திருமணம் நடக்கவில்லை. கல்யாணம் ஆகாத தாய் என்று தெரிந்தால் டாக்டர் வேலை, பெயர், எதிர்காலம் எல்லாம் போய்விடும். குழந்தையை ரோமுக்கு வெளியே ஒரு கிராமத்துக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். மொன்டேசானோ பிறகு வேறொரு பெண்ணை மணந்துகொள்ள, 1901-ல் மரியா அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினார்.

அவ்வப்போது ஒரு பெண்மணி வந்து பார்த்துவிட்டுப் போவார். அது யார் என்று சிறுவன் மாரியோவுக்குச் சொல்லப்படவில்லை. உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அறை அமைத்துக் கொடுத்தவர், தன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் இருந்தார். மாரியோ அம்மாவோடு வந்து சேர்ந்தது சுமார் 15 வயதில். அதுவும் அவருடைய அம்மா ரெனில்டே இறந்த பிறகுதான். அப்போதும் ஊருக்கு அவர் மருமகன், வளர்ப்புப் பிள்ளை, செயலாளர். மகன் என்று மட்டும் சொல்லவில்லை.

சுவரைக் காப்பாற்ற வந்த பள்ளிக்கூடம்

ரோமில் சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. 1880-களில் கட்டுமானத் தொழில் கொடிகட்டிப் பறந்து, திடீரென்று படுத்தது. பாதி கட்டிய கட்டடங்கள் அப்படியே நின்றன. ஏழைகள் அதில் குடியேறினார்கள். பிறகு ஒரு வீட்டு வசதி நிறுவனம் அவற்றை வாங்கிப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டது.

பெரியவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம். மிச்சம் இருந்த சின்னதுகள் படிக்கட்டில் ஓடுவதும் புதுசாக வெள்ளையடித்த சுவரைக் கிறுக்குவதுமாக இருந்தன. சுவரைப் பழுது பார்க்கிற காசுக்கு இந்தப் பிள்ளைகளை ஒரு அறையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டால் என்ன என்று கணக்குப் போட்டார் நிறுவனத்தின் இயக்குநர் எதோர்தோ தலாமோ. மரியாவைக் கூப்பிட்டார். உலகத்தையே சுற்றி வந்த ஒரு கல்வி முறை ஆரம்பித்தது, உண்மையைச் சொன்னால், பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்கத்தான்.

1907 ஜனவரி 6. மார்சி தெரு, 58-ம் எண் கட்டடத்தில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் சுமார் 50 பிள்ளைகள். அழுதுகொண்டும் மிரண்டுகொண்டும் வந்தார்கள். பார்த்துக்கொள்ள வந்தது பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல, அதே பகுதியில் குடியிருந்த ஒரு இளம்பெண். இது மரியாவுக்கு ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அறை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. தாய்மார்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து எட்டிப் பார்க்கலாம். அரசுப் பள்ளி இல்லை என்பதால், பெஞ்ச் போட்டே ஆகணும் என்ற சட்டமும் இல்லை. சில மேசைகள், சின்ன நாற்காலிகள், ஒரு கரும்பலகை, பூட்டிய அலமாரி ஒன்று. மனநலக் காப்பகக் குழந்தைகளுக்காக அவர் செய்து வைத்திருந்த மரச் சாமான்கள் அந்த அலமாரிக்குள் இருந்தன. ஆசிரியை திறந்து எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் வாங்கிப் பூட்டிவிடுவார்.

ஒரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தால், பிள்ளைகளே அவரவருக்குப் பிடித்ததை எடுத்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருட்டுப் புத்தி என்று ஆசிரியைக்குக் கோபம். மரியாவுக்கு அதில் வேறொன்று தெரிந்தது. எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, இன்றைக்கு எது வேண்டும் என்று முடிவு பண்ணவும் தெரிந்திருக்கிறது. அப்புறம் பூட்டு எதற்கு? பெரிய அலமாரி போய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தாழ்வான அலமாரிகள் வந்தன.

இன்றைக்கு நல்ல மழலையர் பள்ளி என்றாலே நம் கண்ணுக்கு வருகிற அந்தக் குட்டி அலமாரிக்குப் பின்னால் இருப்பது இந்த மறதிதான்.

நாற்காலி விழணும்... அதுதான் பாடம்!

அந்தக் காலத்துப் பள்ளி பெஞ்ச் லேசுப்பட்ட சாமான் இல்லை. பிள்ளைகளின் முதுகெலும்பு வளைகிறது என்று சொல்லி, டாக்டர்களும் நிபுணர்களும் உட்கார்ந்து அளவெடுத்து வடிவமைத்த 'அறிவியல் பெஞ்ச்'. இருக்கையும் மேசையும் தரையோடு பிணைத்தது. பிள்ளை ஆடவும் முடியாது, அசையவும் முடியாது.

டாக்டரான மரியாவுக்கு இதைப் பார்த்து வந்த கோபம் 1909-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வைப்பதால் முதுகு வளைகிறது என்றால், உட்கார வைப்பதை நிறுத்தணுமா, முதுகுக்கு முட்டுக் கொடுக்கிற பெஞ்சைக் கண்டுபிடிக்கணுமா? ஊசி குத்தி அட்டையில் மாட்டிய பட்டாம்பூச்சி மாதிரி பிள்ளைகள் பெஞ்சில் மாட்டிக்கிடப்பதாக அவர் எழுதினார்.

அவர் போட்ட சாமான்களே வேறு. நாலு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மேசை. ஒரு பிள்ளையே நகர்த்துகிற லேசான நாற்காலி. குழந்தை உயரத்துக்குக் கை கழுவும் தொட்டி, குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை. தரையில் உட்கார்ந்து வேலை பார்க்க விரும்பினால் ஆளுக்கொரு சின்ன விரிப்பு. அந்த விரிப்பு விரித்த இடம் அவனுடையது, அடுத்தவன் மிதித்துக்கொண்டு போகக் கூடாது. நம்ம வீட்டுப் பாய்க்கு இருக்கிற மரியாதைதான்.

இதில் யோசிக்க வைக்கிற இடம் ஒன்று உண்டு. இவ்வளவு லேசான நாற்காலி என்றால் பிள்ளை இடித்ததும் தடால் என்று விழுமே, சத்தம் வருமே என்று அன்றைக்கே கேட்டார்கள். விழட்டும் என்பதுதான் அவர் பதில். தரையோடு பிணைத்த பெஞ்சில் பிள்ளை எவ்வளவு தடுமாறினாலும் வெளியே தெரியாது, அதனால் திருந்தவும் திருந்தாது. நாற்காலி விழுந்தால் யாரும் திட்ட வேண்டியதில்லை, பிள்ளைக்கே தெரிந்துவிடும். அடுத்த முறை பார்த்து நடக்கும். சாப்பிட உடையக்கூடிய பீங்கான் தட்டும் கண்ணாடி டம்ளரும் கொடுத்ததும் இதற்காகத்தான். சாமான்களுக்கு வெளிர் நிறம் பூசியதும் இதற்காகத்தான்: அழுக்கு பளிச்சென்று தெரியணும், பிள்ளைகளே துடைக்கணும்.

அலமாரியில் இருந்த மரச் சாமான்களிலும் இதே கதை. ஒரு கட்டையில் பத்து குழிகள், பத்து உருளைகள். ஒவ்வொரு உருளைக்கும் அளவான குழி ஒன்றுதான். தப்பாகப் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும். ஆசிரியை வந்து தப்பு என்று சொல்ல வேலையே இல்லை. ஒரு முறை மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இந்த உருளைகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாட வைத்தார் மரியா. அவளை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு, அங்கேயும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்று அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சென்டிமீட்டரில் ஆரம்பித்துப் பத்து சென்டிமீட்டர் வரை பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், அளவு மட்டும் வேறு. கவனம் அளவின் மேல் மட்டும் நிற்கட்டும் என்பதற்காக. இந்தக் காலத்து விளையாட்டுச் சாமான் கடையில் எல்லா நிறமும் எல்லாப் படமும் ஒன்றாக அப்பிய பொம்மைகளுக்கு நேர் எதிர். இன்னொன்று, ஒவ்வொரு சாமானும் அறைக்கு ஒன்றுதான். அடுத்தவள் முடிக்கும் வரை காத்திருக்கணும். காசு இல்லாமல் அல்ல, காத்திருப்பதும் அந்த அறை சொல்லித்தருகிற பாடம் என்பதால்.

எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவிப் பார்க்க வைத்தார். எழுதச் சொல்லவே இல்லை. ஒரு டிசம்பர் நாளில் மொட்டை மாடியில் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்பீஸ் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். பிறகு எழுதச் சொன்னதும், 'கை' என்று தரையில் எழுதினான். அப்புறம் 'புகைபோக்கி', அப்புறம் 'கூரை'. எழுத வந்துவிட்டது, எழுத வந்துவிட்டது என்று கத்தினான். மற்றப் பிள்ளைகளும் ஆரம்பித்தார்கள். சில நாளில் சுவர், கதவு என்று ஒன்றையும் விடவில்லை. ஆக, தலாமோவின் சுவர் கடைசியில் தப்பவில்லை.

கண்ணாடிக்குள் ஒரு வகுப்பறை

புகழ் வேகமாகப் பரவியது. புத்தகம் 1912-ல் ஆங்கிலத்துக்கு வந்தது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை ஒன்று அமைத்தார்கள். வெளியே கூட்டம் வரிசை போட்டு உட்கார்ந்து பார்க்க, உள்ளே பிள்ளைகள் பாட்டுக்கு வேலை பார்த்தார்கள். மதிய நேரத்தில் கூட்டம் அதிகம். பிள்ளைகளே பரிமாறி, சாப்பிட்டு, கழுவி வைப்பதைப் பார்க்கத்தான். இன்றைக்கு என்றால் ரீல்ஸ் ஆகியிருக்கும்.

ஆனால் அமெரிக்க மோகம் சீக்கிரமே வடிந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கில்பாட்ரிக் 1914-லேயே கடுமையாக விமர்சித்துப் புத்தகம் எழுதியிருந்தார். பிள்ளையின் கற்பனைக்கும் கூடிப் பழகுவதற்கும் அந்தச் சாமான்களில் இடம் போதாது என்பது அவர் வாதத்தின் சாரம். மரியா பக்கமும் பிழை இருந்தது. சாமான்களுக்குக் காப்புரிமை, பயிற்சியை அவரே நேரடியாகக் கொடுக்கணும் என்ற பிடிவாதம். இதனால் செலவு ஏறியது. சேரிப் பிள்ளைகளுக்காகப் பிறந்த வகுப்பறை, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பறையாக மாற ஆரம்பித்தது அங்கேதான்.

அதைவிடப் பெரிய சறுக்கல் இத்தாலியில். 1924-ல் சர்வாதிகாரி முசோலினி அவரைச் சந்தித்தார். தன் முறை நாடு முழுக்கப் போகும் என்பதால் அவருடைய ஆதரவை மரியா ஏற்றுக்கொண்டார். பிள்ளை தானாக முடிவெடுக்கணும் என்று சொல்பவரும், எல்லோரும் ஒரே சீருடையில் அணிவகுக்கணும் என்று சொல்பவரும் எத்தனை நாள் ஒத்துப்போக முடியும்? பத்து வருஷம் ஓடியது. 1934-ல் முறிந்தது, இத்தாலியில் இருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகள் ஏற்கெனவே மூடியிருந்தார்கள். ஸ்பெயினில் இருந்தபோது 1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. அங்கிருந்தும் கிளம்பி நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

மூன்று மாதம் என்று வந்தார்... போக ஏழு வருஷம் ஆனது

இந்தியாவில் அவர் பெயர் ஏற்கெனவே தெரிந்ததுதான். 1931-ல் லண்டனில் காந்தியே அவரைச் சந்தித்திருக்கிறார். சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில் மரியாவும் மாரியோவும் விமானத்தில் இந்தியா வந்தார்கள். அப்போது அவருக்கு 69 வயது. சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம்.

அடையாறில் ஓலைக் கொட்டகைகள் போட்டார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் பிரிட்டிஷ் அரசுக்கு 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். மாரியோவைக் கைது செய்து அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியாவை அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று முடக்கினார்கள். பிள்ளை அறைக்குள் சுதந்திரமாக நடமாடணும் என்று வாழ்நாள் எல்லாம் பேசியவர், ஒரு காம்பவுண்டுக்குள் அடைபட்டார்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 31-ல் அவருக்கு 70-வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக, அவருடைய மகனை விடுவிக்கிறோம் என்ற செய்தி. வளர்ப்புப் பிள்ளை இல்லை, செயலாளர் இல்லை, மகன். 42 வருஷம் வெளியே சொல்லாத சொல்லை, அவரைச் சிறை வைத்த அரசாங்கமே தந்தியில் அடித்து அனுப்பியிருந்தது.

அதன்பிறகு கெடுபிடி மெல்லத் தளர்ந்தது. பயிற்சி வகுப்புகளுக்காக அகமதாபாத், கராச்சி, இலங்கை என்று போய்வந்தார். இந்த வருஷங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

கொடைக்கானலில் நாலு சுவர் போதவில்லை

வெயில் தாங்காமல் கொடைக்கானல் போனவர், போர்க் காலத்தின் கணிசமான பகுதியை அங்கேதான் கழித்தார். அங்கே ஒரு சின்னப் பள்ளி. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக. அதுவரை அவர் அதிகம் பார்த்தது ஆறு வயதுக்குள் உள்ளவர்களைத்தான். கொடைக்கானலில் ஆறிலிருந்து பன்னிரண்டு வயது, அதாவது நம்ம தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், பக்கத்திலேயே இருந்தார்கள். இலங்கையைச் சேர்ந்த அவருடைய மாணவி லீனா விக்ரமரத்னவும் மாரியோவும் கூட இருந்தார்கள்.

இந்த வயதுப் பிள்ளைக்கு உருளையும் கனசதுரமும் போதாது. ஏன், எப்படி, யார், எப்போது என்று கேட்டுத் துளைக்கிற வயது. அறைக்கு வெளியே மரம், செடி, பூச்சி, ஓடை என்று எல்லாமே இருந்தது. பிள்ளைகள் வெளியே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்ததை அறைக்குள் வைத்து வகை பிரித்தார்கள். பூமி உண்டானது முதல் மனிதன் வந்தது வரை கதையாகச் சொல்லி, அதை நீளமான காலவரிசைப் படங்களாக விரித்தார்கள். ஒவ்வொரு பாடமும் தனித்தனி டப்பா இல்லை, எல்லாம் ஒரே கதையின் கிளைகள் என்பதுதான் அடிப்படை. உலகம் முழுக்க மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகளில் இன்று நடக்கிற பாடத்திட்டத்தின் பெரும்பகுதி உருவான இடம் நம்ம கொடைக்கானல்தான்.

தாயின் இடுப்பிலேயே கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் இந்தியக் கைக்குழந்தைகளும் அவரை விடவில்லை. யாரும் பாடம் நடத்தாமலே அந்தக் குழந்தை மொழியை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று கவனித்தார். அந்தச் சிந்தனைதான் 'உள்வாங்கும் மனம்' என்ற பொருளில் அவர் பெயர் சொல்லும் புத்தகமாக 1949-ல் சென்னையிலிருந்து வெளியானது.

1946-ல் ஐரோப்பா திரும்பினார். மனசு கேட்காமல் அடுத்த வருஷமே மறுபடி இந்தியா வந்தார். 1949, 1950, 1951 என்று மூன்று முறை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. பிற்காலத்தில் இத்தாலி தன் 1,000 லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

போர்டைப் பார்க்காதீங்க, அலமாரியைப் பாருங்க

மாண்டிசோரி என்ற பெயருக்கு இன்றைக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. அது பொதுப்பெயர்தான் என்று அமெரிக்காவில் 1967-லேயே முடிவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், ஃபீஸும் வாங்கலாம். அட்மிஷனுக்குப் போகிற பெற்றோர் செய்ய வேண்டியது, வகுப்பறைக்குள் ஒரு ஐந்து நிமிஷம் நிற்பது. சாமான்கள் பிள்ளை கைக்கு எட்டுகிறதா, இல்லை கண்ணாடி அலமாரிக்குள் ஷோகேஸ் மாதிரி பூட்டிக் கிடக்கிறதா? நாற்காலியை அந்தப் பிள்ளையே நகர்த்த முடியுமா? ஒரு சாமானை எடுக்க டீச்சர் முகத்தைப் பார்க்கிறதா? சுவரில் மாட்டிய படம் யார் கண் உயரத்தில் இருக்கிறது?

இதற்குப் பெரிய ஃபீஸ் தேவையில்லை என்பதற்கு உதாரணம் நம்ம ஊரிலேயே உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தரையில் பாய் விரித்துக் குழுவாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் கூடவே கீழே உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளை உட்கார்ந்தபடி எழுதும் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது. இதன் நேரடி மூலம் ஆந்திராவின் ரிஷிவேலி. ஆனால் அந்தக் கரும்பலகையின் உயரம், சான் லொரென்சோவில் மரியா கேட்ட உயரம்தான்.

கடைசி மே மாதம்

1952 மே 6. நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்விக். மரியாவுக்கு 81 வயது. ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்திருந்தது. நானே போகிறேன் என்று நின்றார். இந்த வயசில் அந்த வெயிலில் எப்படி என்று மாரியோ தயங்கினார். பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்தில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிர் பிரிந்தது. அந்த ஊரின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். தன் எழுத்துகளையும் பணிகளையும் மாரியோவிடம் ஒப்படைத்திருந்தார். அதில் மருமகன் என்றோ வளர்ப்புப் பிள்ளை என்றோ இல்லை. என் மகன் என்று எழுதியிருந்தார்.